மூட்டையும் முறியும்: கொல்கத்தாச் சிற்பங்களில் அடிமைப் படிமத்தின் மறுவார்ப்பு

அடிமைமுறையை நினைவூட்டும் காட்சிப் படிமங்களுள் பெரும்பாலானவை அடிமைகளால் ஆக்கப்பட்டவை அல்ல. வாங்கியவரோ, விற்றவரோ, கண்டு இரங்கியவரோ அவற்றை ஆக்கினர். இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை எதிர்த்தோருக்காக ஜோசையா வெட்ஜ்வுட்டின் மட்பாண்டத் தொழிற்கூடம் 1787இல் உருவாக்கிய பதக்கத்தில், விலங்கிட்ட கைகளை உயர்த்தி ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். தானும் மனிதன் அல்லனா, உடன்பிறந்தான் அல்லனா என்று வினவும் வாசகம் அவ்வுருவைச் சூழ்ந்துள்ளது. அதே இயக்கத்தார் 1788ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் அச்சிட்டுப் பரப்பிய புரூக்ஸ் என்னும் கப்பலின் வரைபடத்திலோ மனிதர்கள் சிறுசிறு கருங்கோடுகளாக அடுக்கப்பட்டுள்ளனர். 1788ஆம் ஆண்டுச் சட்டம் அக்கப்பலுக்கு அனுமதித்த எண்ணிக்கை 454. அதற்கு முன் ஒரு பயணத்தில் அது 609 பேரை ஏற்றிச் சென்றிருந்தது. பதக்கம் இரக்கத்தைக் கோரியது. வரைபடம் கணக்கைக் காட்டியது. இரண்டும் நன்னோக்கில் பிறந்தவையே. ஆயினும் ஒன்றில் அடிமை இறைஞ்சுபவனாகவும், மற்றொன்றில் எண்ணாகவும் உறைந்துபோனான். இவ்விரு படிமங்களையும் ‘இரக்கப் படிமம்’, ‘கணக்குப் படிமம்’ எனப் பெயரிட்டு அழைப்பது பின்வரும் ஆய்வுக்குத் துணைசெய்யும்.

இந்தியாவுக்கும் இத்தகைய படிமங்கள் உண்டு. 1834 முதல் கடல் கடந்து அனுப்பப்பட்ட ஒப்பந்தக் கூலிகளை மொரீசியசு அரசு 1860களின் பிற்பகுதி தொடங்கி ஒளிப்படம் எடுத்துப் பதிவு செய்தது. நேரே நோக்கும் முகம், அதனோடு இணைந்த பதிவெண் என அமைந்த அப்படங்கள் கணக்குப் படிமத்தின் இந்திய வடிவம் எனலாம். இன்றைய சிற்பி ஒருவர் இவற்றை அப்படியே எடுத்தாள இயலாது. எடுத்தாண்டால் எசமானனின் கண்ணையே கடன் வாங்கியவர் ஆவார். முற்றிலும் ஒதுக்கவும் இயலாது. ஒதுக்கினால் சான்றே எஞ்சாது. இந்த இடர்ப்பாட்டைக் கொல்கத்தாவிலும் அதன் சூழலிலும் உருவான சிற்பங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சேறும் ஆறும்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் அமைந்த சால்ட் லேக் என்னும் பிதான்நகர், பெயருக்கேற்ப உப்பேரியாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலம். மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த பிதான் சந்திர ராயின் முயற்சியில் யூகோசுலாவிய நிறுவனம் ஒன்று 1962இல் அதைத் தூர்க்கும் பணியைத் தொடங்கியது. ஊக்ளி ஆற்றின் படுகையிலிருந்து வாரப்பட்ட வண்டல் நீரோடு கலந்து குழாய்களின் வழியே கொணரப்பட்டு அங்கே பரப்பப்பட்டது. மீன் வளர்த்தும் பிடித்தும் வாழ்ந்தோரின் நீர்ப்பரப்பு, எண்ணெழுத்துகளால் பெயரிடப்பட்ட குடியிருப்புப் பிரிவுகளாக மாறியது. வீடுகள் முழுமையாக எழும் முன்னரே, 1971இல் கிழக்குப் பாகிசுத்தானிலிருந்து வந்த ஏதிலியர் பெருந்திரளாக அவ்வெற்று நிலத்தில் தங்க நேர்ந்தது. கட்டாயப் புலப்பெயர்வை ஆராய்ந்துவரும் கொல்கத்தா ஆய்வுக் குழு பின்னாளில் தன் இடமாக அமைத்துக்கொண்டதும் இதே சால்ட் லேக்கையே. இந்திய அரசின் கிழக்கு மண்டலப் பண்பாட்டு மையமும் இங்கேயே உள்ளது. ஆக, இடம்பெயர்க்கப்பட்ட மனிதர் பற்றிய எழுத்துக்கும் கலைக்கும் ஓர் ஆய்வுக்களம் போல அமைந்த ஊர் இது.

இந்நகரின் மண் ஊக்ளியின் அடிமண் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ‘மலைக்கூலிகள்’ என்று அரசு ஆவணங்கள் குறித்த 36 பேருடன் 1834இல் மொரீசியசுக்கு ‘அட்லசு’ சென்றதும், 1838இல் ‘விட்பி’, ‘எசுபெரசு’ ஆகிய கப்பல்கள் தெமராராவுக்குப் புறப்பட்டதும் அவ்வாற்றின் வழியேதான். பின்னைய இரண்டும் லிவர்பூல் வணிகரும் கரும்புத் தோட்ட உரிமையாளருமான ஜான் கிளாட்சுடன் கொல்கத்தாவின் ஒரு வணிக நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் விளைவு. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் தோட்டத்தை விட்டு நீங்கினால் அவ்விடத்தை நிரப்ப ஆள் வேண்டும் என்பதே அவர் கவலை. வந்து சேர்ந்தோர் பல இடங்களில் பழைய அடிமைக் குடியிருப்புகளிலேயே வைக்கப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறையை அடிமைமுறை என்று அழைக்கலாமா என்பது வரலாற்றாசிரியரிடையே இன்றும் தீராத வழக்கு. ஐந்தாண்டு எல்லை, கூலி, சில குடியேற்றங்களில் திரும்பும் பயணத்துக்கான உறுதி ஆகியவை இருந்தன என்பர் ஒரு சாரார். அதைப் புதியதோர் அடிமைமுறை என்றே 1974இல் வெளிவந்த தம் நூலில் இயூ டிங்கர் நிறுவினார். சட்டத்தின் நோக்கில் எவ்வாறாயினும், படிமத்தின் நோக்கில் இரண்டும் ஒரே தொடர்ச்சி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கணக்கேட்டில் ஆளைப் பதியும் முறை ஒன்றே; தங்க வைத்த கொட்டடியும் ஒன்றே.

கார்டன் ரீச்சின் இணையர்

கொல்கத்தாவில் இவ்வரலாற்றை நினைவுகூரும் முயற்சி மிகப் பிந்தியே நிகழ்ந்தது. கிதர்பூர்ப் பகுதியில் 2011இல் ஒரு நினைவுச்சின்னம் நிறுவப்பட்டது. 2015இல் கார்டன் ரீச்சில், சுரினாம் துறை என வழங்கும் படித்துறை அருகே, அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் ஒரு சிலையைத் திறந்துவைத்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும்; எளிய உடை; உடைமைகள் அனைத்தையும் பொதிந்த சிறு துணிமூட்டை. இது சுரினாமின் தலைநகரான பரமாரிபோவில் உள்ள ‘பாபா, மாய்’ என்னும் சிலையின் படி. அங்குள்ள மூலச் சிலை, ‘லல்லா ரூக்’ கப்பலில் 1873 சூன் 5ஆம் நாள் வந்திறங்கிய முதல் இந்தியர்களை நினைவுகூர்வது.

சென்றவர்களின் கொள்ளுப்பேரர் தொலைநாட்டில் எழுப்பிய உருவம், அவர்கள் புறப்பட்ட துறைக்கே மீண்டு வந்து நிற்கிறது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மண்டியிட்டவனை நிமிர்த்தி நிறுத்தியதும் பெருமைக்குரியதே. வெட்ஜ்வுட்டின் பதக்கத்தையும் பதிவேட்டு ஒளிப்படத்தையும் ஒருங்கே மறுக்கும் நிற்பு அது. அவ்விணையரின் கையில் விலங்கும் இல்லை; அவர்கள்மீது எண்ணும் இல்லை. எனினும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விலங்கும் எண்ணும் இல்லாமற்போனபோது, அவற்றைப் பூட்டிய கையும் உடன் மறைந்துவிட்டது. கூலிகள் தம் மொழியில் ‘கிரிமிட்’ என்று சிதைத்து வழங்கிய ஒப்பந்தத்தாள் இச்சிற்பத்தில் இல்லை. ஆள்பிடிப்பவன் சொன்ன பொய் இல்லை. கொட்டடியில் காத்துக்கிடந்த நாள்கள் இல்லை. எஞ்சியிருப்பது மூட்டை மட்டுமே. மூட்டை பயணத்தின் அடையாளம். புண்ணியத் தலத்துக்குச் செல்வோரும் மூட்டை சுமப்பர். இச்சிலையை முன்பின் அறியாதவர் காணின், பிழைப்புத் தேடித் தாமாகவே புறப்பட்ட ஓர் உழவர் குடும்பம் என்றே கொள்வார்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரமாரிபோவில் ‘பாபா, மாய்’ என நின்றது கொல்கத்தாவில் ‘மாய்-பாப்’ ஆயிற்று. தாயும் தந்தையும் எனப் பொருள்படும் இத்தொடரை முன்னோர்க்குரிய வணக்கமாகவே பெயரிட்டோர் கருதியிருக்க வேண்டும். ஆனால் வட இந்திய மொழி வழக்கில் ‘மாய்-பாப்’ என்பது வேறொரு வரலாறு உடையது. குடியானவன் நிலக்கிழாரையும், ஏழை அரசாங்க அதிகாரியையும், கூலி எசமானனையும் நோக்கி, நீரே எனக்குத் தாயும் தந்தையும் என்று குறையிரக்கும்போது பயன்பட்ட விளி அது. காலனி ஆட்சியின் தன்மையைக் குறிக்கவே அத்தொடரை ஆங்கிலேயர் தம் எழுத்துகளில் எடுத்தாண்டனர். தமிழகப் பண்ணைகளில் ‘சாமி’, மலையகத் தோட்டங்களில் ‘தொரை’ என்னும் விளிகள் செய்த பணியை இது அங்கே செய்தது. எசமானனை அழைத்த பெயரைக் கூலியின் சிலைக்கு இட்டது திட்டமிட்ட தலைகீழாக்கமாக இருந்திருப்பின் அது கூரிய அங்கதம் ஆகியிருக்கும். சிற்பத்தின் அமைதியான முகங்களில் அத்தகைய குறிப்பு ஏதும் இல்லை. எனவே இப்பெயர் அறியாமல் நேர்ந்த முரணாகவே எஞ்சுகிறது.

இணையர் என்னும் அமைப்பும் ஆராயத்தக்கது. அயலகத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பியபோது நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்னும் விகிதத்தைக் குடியேற்ற அரசுகள் விதித்தன; அதை எட்டவே முகவர்கள் திணறினர். சென்ற பெண்களுள் கைம்பெண்களும் கைவிடப்பட்டோரும் கணவன் துணையின்றிப் புறப்பட்டோரும் பலர். ஆகவே கணவனும் மனைவியுமாக நிற்கும் இவ்வுருவம் பெரும்பான்மையின் உருவம் அன்று. அது பின்வந்த தலைமுறை தன் தொடக்கத்துக்கு விரும்பிய உருவம். வழித்தோன்றல்களின் அவ்விருப்பத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தனித்துச் சென்ற பெண்ணுக்கு அவ்விணைவில் இடமில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. பாரதி ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடியபோது அவர் செவியில் விழுந்தது அப்பெண்ணின் குரலே. துணையாக ஒருவரும் இல்லாமையே அக்கவிதையின் துயரம்.

பரமாரிபோ நகரிலேயே இதற்கு ஒரு மாற்று உள்ளது. சுரினாமில் அடிமைமுறை 1863 சூலை 1இல் ஒழிக்கப்பட்டது. அதன் நூற்றாண்டையொட்டி 1963இல் யோசப் கிளாசு வடித்த ‘குவாக்கு’ சிலை நிறுவப்பட்டது; அறுந்த சங்கிலியோடு நிற்கும் ஆப்பிரிக்கன் அவன். ஒழிப்புக்குப் பின்னும் பத்தாண்டுக் காலம், 1873 வரை, விடுதலை பெற்றோர் அரசுக் கண்காணிப்பில் தோட்டங்களிலேயே உழைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அக்கட்டாயம் முடிந்த அதே ஆண்டில் ‘லல்லா ரூக்’ வந்தது. அறுந்த சங்கிலியையும் துணிமூட்டையையும் ஒரே நகரில் அடுத்தடுத்துக் காண்பவர்க்கு இக்காலக் கணக்கு புலப்பட வாய்ப்புண்டு. கொல்கத்தாவில் மூட்டை தனித்து நிற்பதால் அது புலப்படுவதில்லை. படியெடுத்தலில் சிற்பம் வந்து சேர்ந்தது. அதன் அயல் வரவில்லை.

கல்லும் மெழுகும்

கார்டன் ரீச் சிலையின் போதாமையை உணர்த்த வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. அதற்கு ஏறத்தாழ எண்பதாண்டுகளுக்கு முன்பே, 1938இல், சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் ‘சந்தால் குடும்பம்’ என்னும் சிற்பத்தைத் திறந்தவெளியில் எழுப்பினார். ஆண், பெண், குழந்தை, உடன்செல்லும் நாய். ஆணின் தோளில் காவடி, அதன் ஒரு கூடையில் பிள்ளை. பெண்ணின் தலையில் கூடை. பொருளளவில் ‘மாய்-பாப்’ சிலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை: உடைமை அனைத்தையும் சுமந்து புலம்பெயரும் குடும்பம். ஆனால் ராம்கிங்கரின் மாந்தர் நிற்கவில்லை, நடக்கின்றனர். பார்ப்பவரை அவர்கள் பொருட்படுத்துவதும் இல்லை. பார்வையாளனை நேர்நோக்காமை என்னும் இவ்வொரு செயலால் இரக்கப் படிமத்தின் அடித்தளமே தகர்கிறது. இரக்கம் கோருபவன் இரங்குபவனின் முகத்தைப் பார்த்தாக வேண்டும் அல்லவா?

பொருளூடகமும் நோக்கத்தக்கது. பளிங்கோ வெண்கலமோ வாங்கும் நிலையில் அன்று அவர் இல்லை. சிமெண்டோடு அவ்வட்டாரச் செம்புறைக் கற்சரளையைக் கலந்து, இரும்புச் சட்டத்தின்மேல் எறிந்து எறிந்து உருவாக்கினார். அம்மக்கள் நடந்த மண்ணே அவர்களின் தோலாயிற்று. முகவர்கள் முதலில் கப்பலேற்றிய ‘மலைக்கூலிகள்’ சோட்டாநாகபுரிப் பீடபூமியின் பழங்குடியினர் என்பதை இங்கே இணைத்து நோக்க வேண்டும். அசாமுக்கும் துவார்சுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்காக அழைத்துச் செல்லப்பட்டோரும் அவ்வட்டாரத்து மக்களே. ராம்கிங்கர் அடிமைமுறை பற்றிச் சிற்பம் செய்வதாக அறிவித்தவர் அல்லர். ஆயினும் அரசு ஆவணங்கள் எண்ணாகப் பதிந்த ஒரு மக்கள் கூட்டத்தைக் குடும்பமாக, நாயையும் விடாமல், அவர் பதிந்தார். நாய்க்கு எந்தக் கப்பல் பதிவேட்டிலும் இடமிருந்ததில்லை.

ராம்கிங்கர் உடலின் வலிமையைக் காட்டினார் எனில், அவ்வுடலுக்கு நேர்ந்ததைக் காட்டியவர் சோம்நாத் ஹோர். 1921இல் சிட்டகாங் மாவட்டத்தில் பிறந்து, 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பிணங்களையும் எலும்புருக்களையும் பொதுவுடைமைக் கட்சி இதழுக்காக வரைந்து கலைக்கு வந்தவர் அவர். 1946இல் குத்தகை உழவரின் தெபாகா எழுச்சியையும், அடுத்த ஆண்டு துவார்சுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரையும் நேரில் கண்டு குறிப்பேடுகளில் வரைந்தும் எழுதியும் வைத்தார். தமிழ் வாசகர் ‘எரியும் பனிக்காடு’ வழியாகவும், அதைத் தழுவி 2013இல் வந்த ‘பரதேசி’ திரைப்படம் வழியாகவும் அறிந்த உலகத்தின் வங்கப் பகுதி அது.

1971 முதல் அவர் உருவாக்கிய ‘காயங்கள்’ வரிசையில் மனித உருவமே இல்லை. வெண்ணிறக் காகிதக் கூழில் வெண்ணிறத்திலேயே எழும்பும் கீறல், துளை, வீக்கம் ஆகியவை மட்டுமே உள்ளன. ஏதிலியர் சால்ட் லேக்கிலும் பிற இடங்களிலும் குவிந்த ஆண்டு அது. அவர்களின் ஒளிப்படங்கள் உலக நாளேடுகளில் நிறைந்த வேளையில் ஹோர் முகத்தையே நீக்கிவிட்டார். பதிவேட்டு ஒளிப்படத்தில் முகம் உண்டு, காயம் இல்லை. இங்கே காயம் உண்டு, முகம் இல்லை. யாருடைய காயம் என்று கேட்கவும் வழியில்லாமல் செய்தமையால், பார்வையாளன் இரங்கி ஆறுதல் பெறும் வாய்ப்பு அடைபட்டது. கணக்குப் படிமம், இரக்கப் படிமம் என்னும் இரண்டையும் ஒரே அசைவில் கடந்த இந்திய ஆக்கம் என்று இவ்வரிசையைக் கூறத் தயங்க வேண்டியதில்லை.

1970களின் நடுப்பகுதியில் அவர் வெண்கலத்துக்கு வந்தபோதும் இம்முறையே தொடர்ந்தது. களிமண்ணில் உடலைத் திரட்டி வனையும் வழக்கத்தை விடுத்து, மெழுகுத் தகடுகளை வெட்டியும் கிழித்தும் மடித்தும் உருச்சமைத்து நேரே வார்த்தார். ஆகவே அவருடைய உருவங்கள் கிழிபட்ட தோலால் ஆனவை போலத் தோன்றும். உள்ளே சதை இல்லை. அளவிலோ பெரும்பாலும் கைக்கடக்கமானவை. பொது இடத்துப் பீடம் கோரும் கம்பீரம் அவற்றில் இல்லை. அதனால்தான் அரசு நினைவுச்சின்னங்களுக்கு அவர் முன்மாதிரி ஆகவில்லை போலும். வியட்நாம் மக்களின் போராட்டத்தை முன்னிட்டு அவர் செய்த பெரிய அளவிலான ‘தாயும் சேயும்’ 1977இல் சாந்திநிகேதன் கலா பவனத்திலிருந்து களவுபோயிற்று.

பிற நாட்டு மறுவார்ப்புகள் இரண்டை இவ்விடத்தில் ஒப்பிடலாம். பெனின் நாட்டுக் கலைஞர் ரோமுவால்டு அசூமே 1997 முதல் 2005 வரை உருவாக்கிய ‘லா பூசு டு ருவா’, புரூக்ஸ் கப்பலின் வரைபடத்தையே தரையில் விரிக்கிறது. ஆனால் கருங்கோடுகளுக்கு மாற்றாக அடுக்கப்பட்டிருப்பவை நெகிழிப் பெட்ரோல் கலன்கள். ஒவ்வொன்றின் வாயும் கைப்பிடியும் முகமூடிபோல் அமைந்து ஒவ்வொன்றும் தனி முகம் கொள்கிறது. நைசீரியாவிலிருந்து பெட்ரோல் கடத்தி வயிறு வளர்க்கும் இன்றைய இளைஞர் சுமக்கும் கலன்கள் அவை. எண்ணை முகமாக்கியதோடு, பழைய கணக்கை இன்றைய கணக்கோடு இணைத்தமையே இதன் வலிமை. பிரித்தானிய அருங்காட்சியகம் 2007இல், அடிமை வணிக ஒழிப்பின் இருநூறாம் ஆண்டில், இதை வாங்கியது.

அமெரிக்கரான காரா வாக்கர் 2019இல் இலண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் எழுப்பிய ‘ஃபான்சு அமெரிக்கானசு’ ஏறத்தாழ 13 மீட்டர் உயர நீரூற்று. பக்கிங்காம் அரண்மனைக்கு எதிரே உள்ள விக்டோரியா நினைவுச்சின்னத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அரசிக்கும் தேவதைகளுக்கும் உரிய இடங்களில் அடிமை வணிகத்தின் மாந்தரை நிறுத்தினார். அது நிலைத்திருக்கவும் செய்யப்பட்டதன்று. காட்சி முடிந்ததும் கலைக்கப்பட்டது. கொல்கத்தாவுக்கு இதில் தனிப் பாடம் உண்டு. 1921இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவகத்தின் முன்னே சியார்சு ஃபிராம்ப்டன் வடித்த வெண்கல அரசி அரியணையில் வீற்றிருக்கிறார். ஊக்ளியிலிருந்து கூலிக் கப்பல்கள் புறப்பட்ட காலத்தின் பெரும்பகுதி அவருடைய ஆட்சிக்காலமே. அவ்வரசியும் கார்டன் ரீச் இணையரும் ஒரே நகரத்தில், ஒருவரையொருவர் அறியாமல் இருக்கின்றனர். வாக்கர் செய்தது அவ்விரண்டையும் ஒரே பீடத்தில் ஏற்றிய செயல்.

தமிழில் முறி

இனி, தமிழ்ப் பரப்பில் இப்படிமம் எவ்வாறு உள்ளது என்பதைக் காணலாம். ஆள், அடியான், படியாள், பண்ணையாள் எனச் சொற்கள் பெருகிய மொழி இது. விற்பனை முறிகளையும் கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டோரின் கல்வெட்டுகளையும் ஆ. சிவசுப்பிரமணியன் தம் ‘தமிழகத்தில் அடிமை முறை’ நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். இவ்வளவு எழுத்துச் சான்று இருந்தும் காட்சிச் சான்று மிகக் குறைவு. இருப்பவற்றுள் தலையாயது சிற்பம் அன்று, ஓவியம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றில், முதலாம் இராசராசன் காலத்ததாக 1931இல் வெளிச்சத்துக்கு வந்த ஓவியங்களில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஒருவர் ஓலையை நீட்டிக் கொண்டு நிற்கிறார். அது ஆளோலை. சுந்தரரின் பாட்டனார் தாமும் தம் வழியினரும் அடிமை என எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் முறி.

பக்தி மரபு இக்காட்சியை அருட்செயலாகக் கொள்ளும். ‘ஆட்கொள்ளுதல்’ என்னும் சொல் அடிமைப்படுத்துதல் என்னும் பொருளிலிருந்து நீங்கி அருளுதல் ஆனதும் அம்மரபின் சாதனை. ஆனால் கதையின் சட்டகம் முழுவதும் நடைமுறை அடிமைச் சட்டத்தைச் சார்ந்தது: பரம்பரைப் பிணைப்பு, எழுத்து, சாட்சி, கையெழுத்து ஒப்பீடு, அவையின் தீர்ப்பு. இன்னொரு கூறும் உண்டு. அடிமை எனக் கோரப்பட்டவன் முதலில் பணிந்தானில்லை. ஓலையைப் பறித்துக் கிழித்தான். கிழித்தது படியோலை, மூல ஓலை வேறிடத்தில் உள்ளது என்று முதியவர் கூறவே வழக்கு தொடர்ந்தது. வெட்ஜ்வுட்டின் மண்டியிட்டவனிடமும் புரூக்ஸின் கருங்கோடுகளிடமும் காணாத செயல் இது. தமிழ் மரபின் அடிமைப் படிமத்தில் நடுநாயகமாக இருப்பது உடலோ விலங்கோ அன்று, ஓலை. அதன் முதன்மையான நிகழ்ச்சி அதைக் கிழித்தல். ‘முறி’ என்னும் சொல்லே பத்திரத்தையும் உடைத்தலையும் ஒருசேரக் குறிப்பது சொல்லாய்வாளர் கவனத்துக்குரியது.

அயலகம் சென்ற தமிழரின் வாழ்விலும் எழுத்தே விலங்காயிற்று. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என வழங்கிய சீட்டு, தொழிலாளியின் கடன் தொகையைச் சுமந்தது. அத்தொகையைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொண்டாலன்றி அவர் பழைய தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. 1921இல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சென்றோர்க்குத் தோட்டத்தின் குறியெண் பொறித்த தகர வில்லைகளும் தரப்பட்டன. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ போன்ற புனைவுகள் இவ்வுலகைத் தீண்டின. சிற்பம் தீண்டவில்லை.

சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இத்தறுவாயில் நினைவுக்கு வரும். அதை வடித்தவர் வங்கத்திலிருந்து வந்து சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய தேவிபிரசாத் ராய் சௌத்ரி. நான்கு ஆடவர் பாறையை நெம்புகின்றனர். நரம்புகள் புடைத்த உடல்கள். சிற்பத்தின் பெயர் உழைப்பின் வெற்றி. உழைப்பை இவ்வளவு உடல்வலிமையோடு காட்டிய பொதுச்சிலை தமிழகத்தில் வேறில்லை என்றே கூறலாம். ஆனால் யாருக்காக அப்பாறை பெயர்க்கப்படுகிறது, எந்த ஒப்பந்தத்தின்பேரில், அதன்பின் யார் அதன்மீது வீடு கட்டினர் என்னும் வினாக்களை வெற்றி என்னும் பெயர் அடைத்துவிடுகிறது. கார்டன் ரீச்சில் மூட்டை செய்வதை இங்கே தசை செய்கிறது. பெண்ணும் இங்கே இல்லை. இச்சிலைக்கு அப்பால் விரியும் கடலில்தான் 1860இல் ‘துரூரோ’ கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத அக்காலத்தில், மசூலாப் படகுகளில் அலை தாண்டிச் சென்று கூலிகள் கப்பலேறினர். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அக்கடற்கரையில் வரிசையாக எழுந்த சிலைகளுள் பாரதிக்கு ஒன்று உண்டு. அவர் பாடிய பிசித் தீவுப் பெண்களுக்கு இல்லை.

அப்படி ஒன்று எழுமாயின் அதை எவ்வாறு செய்வது என்பது சிற்பியின் உரிமை. கொல்கத்தாப் பட்டறிவு காட்டும் இடர் மட்டும் தெளிவு. நிமிர்ந்த உருவமும் அமைதியான முகமும் ஒரு மூட்டையும் கொண்டு முன்னோரை மதிப்பது எளிது. வழித்தோன்றல்களும் அரசுகளும் அதையே வேண்டுவர். அவ்வுருவத்தின் கையில் ‘துண்டை’க் கொடுப்பதும் கழுத்தில் தகர வில்லையை மாட்டுவதும் கணக்குப் படிமத்துக்கே திரும்புதல் ஆகிவிடும் என்னும் எதிர்ப்பு எழக்கூடும், அவ்வெதிர்ப்பில் பொருள் உண்டு. ஆனால் ஹோரின் மெழுகுத் தகட்டில் கிழிசலே உருவமானதைப் போல, கிழிபட்ட முறியே உருவமாவதற்குத் தமிழ் மரபில் ஆயிரமாண்டு முன்னோடி ஒன்று தஞ்சைச் சுவரில் இருக்கிறது. அங்கேயும் ஓவியன் தீட்டியது ஓலை அவையில் நீட்டப்பட்ட தருணத்தை. திருமணப் பந்தலில் அது கிழிபட்ட தருணத்தைத் தீட்டுவது பின்வருவோர்க்கு எஞ்சியிருக்கிறது.